ஒன்று கூட்டிச் சொன்னவள்

புதுக் கூண்டில் கோழிகள் அடைந்த முதல் சாயங்காலமே உண்ணாமலை அதைப் பார்த்துவிட்டாள். கூண்டுக்குள் குறுக்காக ஒரு பிளாஸ்டிக் தண்டு. அதில் இடது பக்கம் மூன்று கோழிகள், வலது பக்கம் மூன்று கோழிகள், நடுவில் ஓர் இடம் காலி. நாட்டுக் கோழிகள் அப்படி உட்காராது. பொழுது சாய்ந்தால் விலாவோடு விலா இடித்துக்கொண்டு, ஒன்றின் சிறகுக்குள் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு ஒரே மூட்டையாகத்தான் கிடக்கும். இங்கேயோ, பஸ்ஸில் யாரோ துண்டு போட்டு வைத்த சீட்டுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கியவர்களைப் போல, சரியாக ஒரு கோழி அளவு இடம் விட்டு, ஆறும் அந்த இடத்துக்கு முகத்தைக் காட்டாமல் உட்கார்ந்திருந்தன.

புதுசு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. எட்டு மாதமாக அவள் எதையும் முழுசாக நினைப்பதில்லை. அவள் புருஷன் அன்பரசன் செங்கம் ரோட்டில் வேனை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்துப் படுத்தவன், படுத்தபடியே போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவள் வாசல் தெளித்தாள், சமைத்தாள், ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களுக்கு இட்லி அவித்தாள், ரெண்டாவது படிக்கிற மகள் கவிநிலாவுக்குத் தலை பின்னினாள். அழச் சொன்னவர்களுக்காக அழவும் செய்தாள். கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறவர்கள் உண்டே, அப்படித்தான் அவள் நாட்கள் நடந்துகொண்டிருந்தன.

கோழிகள் ஆறும் அன்பரசன் வளர்த்தவை. ஒரு சேவலும் இருந்தது. கருமாதி முடிந்த மறுநாள் உறவுக்காரர்களுக்குக் குழம்பாகிவிட்டது. மிச்சமிருந்த பெட்டைகள் ஒரு பழைய மரப்பெட்டியில் அடைந்தன. மரத்தின் இடுக்கெல்லாம் கோழிப் பேன். கையை விட்டால் முழங்கை வரை ஊறும். மஞ்சள் தண்ணீர், வேப்பெண்ணெய், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாள். கவிநிலாவின் கழுத்தில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியபோதுதான் பெட்டியைக் கொளுத்திவிட்டு, பேன் ஒளிய இடுக்கே இல்லாத பிளாஸ்டிக் கூண்டு ஒன்று வாங்கலாம் என்று அடி அண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினாள்.

பண்ணைச் சாமான் கடை வைத்திருந்த மணிவேல் பொறுமையான மனிதர். முதலில் வெள்ளைக் கூண்டைக் காட்டினார். தரை வழவழவென்று இருந்தது, கோழிக்குக் கால் வழுக்கும். அடுத்து மஞ்சள். காற்றுத் துளை கீழே மட்டும்தான் இருந்தது. மலைக்கு மேற்கே குடியிருக்கிறவர்களுக்குச் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கோழி உள்ளேயே வெந்துவிடும். பச்சைதான் அவளுக்குப் பிடித்தது. கூரைக்குக் கீழே சுற்றிலும் காற்றுத் துளை, மேலே தூக்கித் திறக்கிற கதவு, எச்சம் கீழே விழுகிற மாதிரி சல்லடைத் தரை, அதற்கடியில் இழுத்துக் கழுவுகிற தட்டு. அதிலேயே சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சின்னது குழாயடிக்கும் முருங்கைக்கும் நடுவே கச்சிதமாக உட்காரும். வீட்டிலேயே சாண் போட்டு அளந்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“எத்தினி உருப்படிம்மா?” என்று கேட்டார் மணிவேல்.

“ஏழுண்ணா.”

ஆறு என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அது அன்பரசன் வீட்டுப் பழக்கம். கோழியோ, ஆடோ, மரத்தில் காய்த்த மாங்காயோ, வெளியாள் கேட்டால் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். ஒன்று கூட்டித்தான் சொல்வார்கள். கண் பட்டால் அந்த இல்லாத ஒன்றின்மேல் பட்டுப் போகட்டும், இருக்கிறது தப்பிக்கட்டும் என்று கணக்கு. கல்யாணமான புதிதில் அவள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பத்து வருஷத்தில் அவள் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது.

“ஏழுன்னா சின்னது பத்தாதும்மா. எடம் கம்மியாச்சுன்னா ஒண்ண ஒண்ணு கொத்திக்கும். பெருச எடுத்துக்கோ. ஏழும் தாராளமா உக்காரும்.”

சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கம். பெரியதுதான் வந்து இறங்கியது. பின்கதவை முழுசாகத் திறக்க முடியாதபடி, கால்வாசிக் கதவை அடைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தது.

மறுநாள் காலை, மலையின் நிழல் கொல்லையை விட்டு விலகாத நேரத்தில், கோழிகளைத் திறந்துவிட்டு அடித்தட்டை இழுத்தாள். கோழி எங்கே உட்கார்ந்ததோ அதற்கு நேர் கீழே எச்சம் குவிந்திருக்கும். ஆறு குவியல் இருக்க வேண்டும். ஏழு இருந்தது. நடுவில் இருந்தது மட்டும் வெள்ளையாக, காய்ந்து, நாற்றமே இல்லாமல் இருந்தது. ஒரு குச்சியால் குத்தினாள். விபூதி போல உதிர்ந்தது. குழாயைத் திறந்துவிட்டுத் தட்டைக் கழுவியபோது அந்த இடத்துத் தண்ணீர் கொஞ்சம் சுட்டது. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வெயில் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்றாம் நாள் கறுப்புக் கோழி நொண்டியது. பிடித்துப் பார்த்தாள். வலது காலில் நடுவிரல் இல்லை. ரத்தமில்லை, புண்ணில்லை, தழும்புகூட இல்லை. முட்டையை விட்டு வெளியே வந்த நாள் முதல் அந்தக் கால் அப்படித்தான் இருந்தது போல வழவழவென்று தோல் மூடியிருந்தது. நான்காம் நாள் கொண்டைக்காரியின் கொண்டை காணாமல் போனது. ஐந்தாம் நாள் புள்ளிக் கோழி தீனியைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டது. அதன் இடது கண் இருந்த இடத்தில் இறகு முளைத்திருந்தது.

உண்ணாமலை பயந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பயம் பக்கத்து வீட்டில் அடிக்கிற போன் மாதிரி இருந்தது. காதில் விழுகிறது, யாராவது எடுத்தால் தேவலை, ஆனால் எழுந்து போக வேண்டியது நாம்தான் என்று தோன்றவில்லை. புள்ளிக் கோழிக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் கம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் திரும்பியபோது கவிநிலா கூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு, காற்றுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகூட மாற்றவில்லை.

“அம்மா, ஏழாவதுக்கு இன்னா பேரு வெக்கலாம்?”

எந்த ஏழாவது என்று கேட்டாள் உண்ணாமலை.

“நடுவுல இருக்கே, அதும்மா. இன்னும் முழுசா வரல.”

மகளை உள்ளே போய்க் கைகால் கழுவச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. பிறகு கூண்டின் முன்னால் தானும் குனிந்தாள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் நெடியும், தவிட்டின் புளிப்பும், கோழி இறகின் வெதுவெதுப்பான தூசி வாடையும் அந்தத் துளை வழியாக முகத்தில் அடித்தன. துளைகளின் வழியே உள்ளே விழுந்த சாயங்கால வெளிச்சம் தண்டின்மேல் வரிவரியாக நீண்டு கிடந்தது. அடையும் நேரத்தில் கோழிகள் தங்களுக்குள் முனகிக்கொள்ளுமே, அந்த முனகல் ஒன்றிடமிருந்தும் வரவில்லை. ஆறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தன.

நடுவில் காலி இடம்.

தண்டின்மேல் ஒரு விரல். கறுப்பு விரல். அது மட்டும். நகத்தோடு தண்டை வளைத்துப் பிடித்திருந்தது.

அதற்கு ஒரு சாண் மேலே, ஒன்றிலும் ஒட்டாமல், ஒரு கொண்டை. அதற்குக் கீழே ஒரு கண். நடுவில் எதுவும் இல்லை. பின்பக்கத்துப் பச்சைச் சுவர் தெரிந்தது.

கண் அவளைப் பார்த்தது. கோழிக் கண் மூடுகிற மாதிரியே, கீழ் இமை மேலே ஏறி மூடியது. திறந்தது.

கதவை இறக்கிக் கொண்டியைப் போட்டாள். உள்ளே போனாள். உலை வைத்தாள். சோற்றுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

அடுப்பின் முன்னால் நின்றபோதுதான், எட்டு மாதத்தில் முதல் முறையாக, ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை யோசித்தாள். இத்தனை வருஷம் ஒன்று கூட்டிச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. இந்த முறைதான் சொன்னதற்கு ஓர் இடமும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஏழு என்றாள், ஏழு கோழி உட்காரும் கூண்டைக் கொண்டுவந்து வைத்தாள். இடம் இருக்கிறது. வருவதற்கு ஒன்று வருகிறது. உடம்பு இல்லாததால் மற்ற ஆறிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் சொன்னதைத் திருப்பி வாங்கிவிட்டால் போதும் என்று அவளுக்குப் பட்டது. போனை எடுத்து மணிவேலைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, ஏழுன்னு நான் சொன்னது பொய்ண்ணா. என்கிட்ட இருக்கறது ஆறுதான். ஆறு.”

மணிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டு, திங்கட்கிழமை அந்தப் பக்கம் வண்டி வருகிறது, பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அன்று உண்ணாமலைக்கு நல்ல தூக்கம்.

சனிக்கிழமை காலை கூண்டுக் கதவைத் தூக்கிவிட்டு, ஓரமாக நின்று எண்ணினாள். கறுப்பு நொண்டிக்கொண்டே இறங்கியது. சாம்பல் இறங்கியது. வெள்ளை. புள்ளி. கொண்டை போன கொண்டைக்காரி. ஆறாவதாகச் செவலை வர வேண்டும். அதுதான் எப்போதும் கடைசி; சோம்பேறி என்று அன்பரசன் திட்டுவான்.

ஆறாவதாக ஒன்று வந்தது.

செவலையின் இறகுதான். ஆனால் செவலையைவிட உயரம். இறகுகள் சில இடங்களில் தலைகீழாக, கழுத்தை நோக்கிப் படிந்திருந்தன. கறுப்பு நடுவிரல். தலையில் கொண்டை. ஒரே கண், பக்கவாட்டில் இல்லை, முன்னால். அது மண்ணைக் கிளறவில்லை, தீனியைப் பார்க்கவில்லை. நடக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து முருங்கையடி வரை போய், திரும்பி, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. மற்ற ஐந்தும் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

கூண்டுக்குள் தலையை விட்டுத் தேடினாள். செவலை இல்லை. ரத்தமில்லை. ஓர் இறகில்லை. ஆறு என்று திருத்திச் சொன்னாள், ஆறு இருந்தது. இல்லாததைக் கூட்டிச் சொன்னால் அது வரும். திருத்திச் சொன்னால், போவது அது இல்லை.

அது தானாகவே திரும்பிப் போய்க் கூண்டில் ஏறியது. உண்ணாமலை கதவை இறக்கி, அம்மிக் குழவியைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். ஐந்து கோழிகளையும் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினாள். திங்கட்கிழமை வண்டி வரட்டும். அதுவரை யார் எதைக் கேட்டாலும் எண்ணிக்கையே வாயில் வரக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடுதிக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லை என்றாள். கவிநிலாவைக் கொல்லைப் பக்கம் போக விடவில்லை.

மூன்று மணி வாக்கில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தோளில் பை, கையில் போன், கழுத்தில் அட்டை. பிரசாத் என்று பெயர் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார், வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்திருக்கிறார். வெயிலில் நடந்து முகமெல்லாம் வாடியிருந்தது. தண்ணீர் கொடுத்தாள். கூரை என்ன கூரை, குழாய் உள்ளேயா வெளியேயா, சமைப்பது கேஸிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனில் தட்டிக்கொண்டே வந்தார். அவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். காதெல்லாம் கொல்லைப் பக்கம் இருந்தது. குழவி நகர்கிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேட்காத மாதிரியும் இருந்தது.

“வீட்ல மொத்தம் எத்தினி பேருங்க?”

“மூணு பேருங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது.

எட்டு மாதமாக அப்படித்தான் சொல்லி வந்தாள். கேஸ் கொண்டுவருகிறவனிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம், விடுதியில் புதிதாகச் சேர்ந்த காவல்காரனிடம். ஒரு பொம்பளையும் ஒரு பெண் குழந்தையும் மட்டும் இருக்கிற வீடு என்று முகம் தெரியாத ஆம்பளையிடம் யார் சொல்வார்கள்? அவளுக்கு மாமியார் வீட்டுப் பழக்கம் வேறு. இரண்டும் சேர்ந்து நாக்கிலேயே குடியிருந்தன.

பிரசாத் போனில் மூன்று வரிசை திறந்தார். முதல் பெயர் கேட்டார், எழுதினார். இரண்டாவது பெயர் கேட்டார், எழுதினார்.

“மூணாவது பேரு சொல்லுங்க.”

அந்தச் சின்ன வெள்ளைக் கட்டம் காலியாக இருந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஓர் ஆள் அளவு இடம்.

ரெண்டு பேர்தான் சார், தப்பாகச் சொல்லிவிட்டேன், அடித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பின்னால் கூடத்தில் கவிநிலா தரையில் படுத்துக்கொண்டு கலர் பென்சிலால் எதையோ தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சில் தாளில் உரசுகிற சத்தம். செவலை ஞாபகம் வந்தது. இரண்டு என்று திருத்தினால் இரண்டு பேர் இருப்பார்கள். அந்த இரண்டில் எது இருக்கும், எது போகும்? வாயை மூடினாள்.

வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார்.

“அன்பரசன்,” என்றாள். வயது கேட்டார். முப்பத்தொன்பது என்றாள். அதற்குமேல் அவனுக்கு வயது ஏறவில்லை.

“சார் இப்ப வீட்ல இருக்காருங்களா?”

“இல்லீங்க.” அப்புறம் சொன்னாள். “வந்துடுவாருங்க.”

பயத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து போனபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, எட்டு மாதமாக அசையாமல் கிடந்தது, லேசாக அசைந்தது. வந்தால் நன்றாக இருக்குமே என்று அது சொன்னது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள். வாத்தியார் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

முன்கதவைத் தாழிட்டாள். பின்கதவைத் தாழிட்டாள். ஜன்னல் எல்லாம் சாத்தினாள். கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கவிநிலாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேற்கு ஜன்னலின் விரிசல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் ஒரு கோடாக விழுந்து, மெல்ல மெல்லச் சுவரில் ஏறி, சிவந்து, மங்கியது. கிரிவலப் பாதையில் யாரோ நாலு பேர் பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் பேச்சும் தேய்ந்து போனது.

மகளின் கையைப் பிரித்தாள். ஐந்து விரல். அடுத்த கை. ஐந்து. கால் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கூச்சத்தில் கவிநிலா நெளிந்தாள். பத்தும் இருந்தன. கண் இரண்டு. காது இரண்டு. பின்னல் இருந்தது, அதன் நுனியில் ரிப்பன் இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினாள். விழுந்த ஒரு பல்லைத் தவிர எல்லாம் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தது. உண்ணாமலைக்கு மூச்சு வந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

கவிநிலா நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி கேட்டாள். தொண்டை ஏறி இறங்கியது. நாக்கு அசைந்தது. ஒன்றும் இல்லை. குழந்தை தன் தொண்டையைக் கையால் தொட்டுப் பார்த்தது.

“அம்மா, பசிக்குது.”

அடுக்களையிலிருந்து.

கவிநிலாவின் குரல். அதே இழுப்பு. அதே செல்லம். உயரத்திலிருந்து வந்தது. நின்றுகொண்டிருக்கிற ஒரு பெரிய ஆளின் வாய் இருக்கும் உயரத்திலிருந்து.

எட்டு மாதம் வராத பயம் மொத்தமும் அப்போது வந்தது. உண்ணாமலையின் கை, கால், வயிறு எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. மடியில் குழந்தையின் எலும்பு குத்துவது தெரிந்தது, தரையின் சில்லிப்பு தெரிந்தது, தன் பல் அடித்துக்கொள்வது தெரிந்தது. கத்த வேண்டும். கத்தினால் தன் குரல் எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை. கத்தவில்லை.

“அம்மா,” என்றது அடுக்களை.

மடியில் கவிநிலா, வாயைத் திறந்தபடியே அந்தப் பக்கம் திரும்பி, தன் குரல் அடுத்து என்ன சொல்லப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.